ஒரு மரபணு ஆணிடமும் பெண்ணிடமும் வேறு வேறு மாதிரி வேலை செய்கிறதா? சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

‘பெண்களை மட்டும் பாதிக்கும் மரபணு கண்டுபிடிப்பு’ என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பெண்களிடம் தெரிந்தது சரி, ஆண்களிடம் தெரியவில்லை என்பதும் சரி, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை யாராவது நேரடியாகச் சோதித்தார்களா? பெரும்பாலும் செய்தியில் அதற்குப் பதில் இருக்காது. ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலும் சில சமயம் இருக்காது. உயரம், இடுப்புக் கொழுப்பு, நீரிழிவு, யூரிக் அமிலம், ஆட்டிசம் என்று பல நூறு மரபணுக்களும் சூழலும் சேர்ந்து தீர்மானிக்கும் பண்புகளில் இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

உயிரியலோ புள்ளியியலோ படிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். தரவைத் தொடாமல் கட்டுரைகளை மட்டும் படிப்பவர்களுக்கும், எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும். பெரிய வசதி எதுவும் தேவையில்லை. மரபணு, உடல்நலத் தகவல்களைச் சேகரிக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை 40–69 வயதுக்காரர்கள் சுமார் 5 லட்சம் பேரைச் சேர்த்தது. அந்தத் தரவை ஆண்கள் தனி, பெண்கள் தனி என்று அலசிக் கிடைத்த முடிவுகளை அமெரிக்காவின் நீல் ஆய்வகம் பொதுவில் வைத்திருக்கிறது, ஜயன்ட் என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பும் உடல் அளவுகளுக்கு அப்படியே செய்திருக்கிறது. தனிநபர் தகவல் எதுவும் இல்லாத சுருக்க முடிவுகள் அவை, சாதாரண மடிக்கணினியே போதும்.

படி 1: எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

‘பால் வேறுபாடு’ என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேறு கேள்விகள் சுற்றுகின்றன. சராசரியில் வேறுபாடு உண்டா என்பது ஒன்று. ஆண்கள் பெண்களைவிடச் சராசரியாகச் சுமார் 13 செ.மீ. உயரம், அது எல்லோருக்கும் தெரியும். ஒரே மரபுத் திரிபு, அதாவது டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறியிருக்கும் ஓர் இடம், ஆணிடம் ஒரு அளவும் பெண்ணிடம் இன்னொரு அளவும் விளைவு காட்டுகிறதா என்பது இரண்டாவது. ஒரு பாலுக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்றத்தாழ்வில் மரபு எவ்வளவு பங்கு வகிக்கிறது, அந்தப் பங்கு இரு பாலிலும் ஒன்றா என்பது மூன்றாவது.

இவை ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல, இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து நிற்பேன். உயரத்தையே எடுங்கள். சராசரியில் வேறுபாடு மிகப் பெரியது, ஆனால் 2022இல் 54 லட்சம் பேரை வைத்து உயரத்தோடு தொடர்புள்ள 12,111 திரிபுகளைக் கண்டுபிடித்தார்களே, அந்த மாதிரித் திரிபுகள் ஆணையும் பெண்ணையும் ஏறக்குறைய ஒரே விதத்தில்தான் உயர்த்துகின்றன. இன்னொரு பக்கம், சராசரி ஒரே மாதிரி இருக்கும் பண்பில்கூடத் திரிபுகளின் விளைவு வேறுபடலாம். சராசரி வேறுபாட்டைக் காட்டி ‘மரபணு வேறுபாடு’ என்று யாராவது முடிவு சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 2: எது வேறுபட முடியும், எது முடியாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

நம் 23 ஜோடி குரோமோசோம்களில் 22 ஜோடிகள் பால் குரோமோசோம்கள் அல்ல. அவற்றை உடல் குரோமோசோம்கள் என்போம். இவை மகனுக்கும் மகளுக்கும் ஒரே வாய்ப்போடுதான் போகின்றன. அப்பாவிடம் இருக்கும் ஒரு திரிபு மகளுக்குப் போக 50 சதவீதம் வாய்ப்பு என்றால் மகனுக்கும் அதே 50தான். ஆகவே உடல் குரோமோசோமில் இருக்கும் எந்தத் திரிபும் மக்கள்தொகையில் ஆண்களிடமும் பெண்களிடமும் ஒரே அடர்த்தியில்தான் இருக்கும், உயிர்பிழைப்பில் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒழிய. ‘உயரத்தைக் கூட்டும் மரபணுக்கள் ஆண்களிடம் அதிகம்’ என்பது போன்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

அப்படியானால் 13 செ.மீ. எங்கிருந்து வருகிறது? ஒய் குரோமோசோமில் இருக்கும், 1990இல் அடையாளம் காணப்பட்ட எஸ்ஆர்ஒய் மரபணு கருவில் விந்தகம் உருவாவதைத் தொடங்கிவைக்கிறது. அதிலிருந்து ஹார்மோன் சூழல் மாறுகிறது, பருவமடையும் வயதும் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடும் காலமும் மாறுகின்றன. அதே உடல் குரோமோசோம் மரபணுக்கள் வேறொரு சூழலில் வேலை செய்கின்றன. சூழல் மாறும்போது சில திரிபுகளின் விளைவும் கூடலாம், குறையலாம். நாம் தேடுவது அதைத்தான்.

இதற்குத் திசு அளவில் ஆதாரம் இருக்கிறது. ஜிடெக்ஸ் திட்டம் 2020இல் 838 பேரின் 44 வகைத் திசுக்களைப் பார்த்தது. ஏதாவது ஒரு திசுவிலாவது ஆண்–பெண் இடையே செயல்பாட்டு அளவு மாறும் மரபணுக்கள் மொத்தத்தில் 37 சதவீதம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை சின்னவை, திசுவுக்குத் திசு மாறுபவை. மரபுத் திரிபு ஒன்று மரபணுச் செயல்பாட்டை மாற்றும் அளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறதா என்று தேடியபோது கிடைத்தவை 369 மட்டுமே.

படி 3: தரவைச் சுத்தம் செய்யுங்கள், இதில் அவசரம் வேண்டாம்

பால் வேறுபாட்டு ஆய்வுகளில் பொய் முடிவுகள் பிறக்கும் முக்கியமான இடம் இதுதான் என்பது என் கருத்து. முதல் வேலையாக, ஒவ்வொரு உடல் குரோமோசோம் திரிபின் அடர்த்தியையும் ஆண்களிடமும் பெண்களிடமும் ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று இப்போதுதான் பார்த்தோம், இல்லாவிட்டால் எங்கோ கோளாறு.

கோளாறு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கருவிக் கோளாறு: உடல் குரோமோசோமின் சில பகுதிகள் ஒய் அல்லது எக்ஸின் பகுதிகளை அப்படியே ஒத்திருக்கும், மரபணுச் சில்லு (திரிபுகளை வாசிக்கும் கருவி) ஆண்களின் ஒய் துண்டையும் சேர்த்து வாசித்துவிடும், ஆண்களுக்கு மட்டும் அந்த இடத்தில் ஏதோ கூடுதல் எழுத்து இருப்பதுபோல் காட்டும். அந்தத் திரிபுகளைத் தூக்கிவிட வேண்டியதுதான்.

இன்னொன்று நுட்பமானது: யார் ஆய்வில் சேர்ந்தார்கள் என்பதே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு விதமாக நடந்திருக்கலாம். யுகே பயோபேங்க் அழைத்தவர்களில் சுமார் 5.5 சதவீதம் பேர்தான் வந்தார்கள், வந்தவர்களில் பெண்கள் அதிகம். 2021இல் வெளியான ஓர் ஆய்வு 33 லட்சம் பேரின் தரவில் ‘ஆணா பெண்ணா’ என்பதையே ஒரு பண்பாக வைத்து உடல் குரோமோசோம்களை அலசியது. எதுவும் கிடைக்கக் கூடாது, ஆனால் 150க்கும் மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. தாங்களே முன்வந்து சேர்ந்தவர்களின் தொகுப்பில் இந்தத் தடயம் தெரிந்தது, பின்லாந்து, ஜப்பான் போன்ற மருத்துவமனை வழிச் சேர்க்கைத் தொகுப்புகளில் அப்படித் தெரியவில்லை. உங்கள் தரவு எப்படிச் சேர்க்கப்பட்டது என்பது உங்கள் முடிவையே மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து, படிவத்தில் எழுதிய பாலும் குரோமோசோம் காட்டும் பாலும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் மாதிரி மாறியிருக்கலாம், எக்ஸ்எக்ஸ்ஒய் போன்ற குரோமோசோம் அமைப்பு இருக்கலாம், அல்லது அவர் திருநங்கை, திருநம்பியாக இருக்கலாம். எல்லோரையும் ‘பிழை’ என்ற ஒரே கூடையில் போடாதீர்கள், அவர்கள் ஆய்வுக்குத் தங்கள் இரத்தத்தைக் கொடுத்தவர்கள், ஏன் விலக்குகிறீர்கள் என்பதை மரியாதையோடு எழுதுங்கள். வயதான ஆண்களிடம் ஒய் சமிக்ஞை மங்கியிருப்பதும் பிழையல்ல. வயது கூடக்கூட இரத்த அணுக்களில் ஒரு பகுதி ஒய் குரோமோசோமை இழக்கிறது, யுகே பயோபேங்க் ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் இதைக் கண்டார்கள்.

நம் ஊர்த் தரவைத் தொடுபவர்கள் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளிங்க் என்ற மென்பொருள் எக்ஸ் குரோமோசோமில் இரண்டு பிரதிகளும் எவ்வளவு ஒன்றுபோல் இருக்கின்றன என்று ஒரு எண் கணக்கிட்டு, 0.2க்குக் கீழே பெண், 0.8க்கு மேலே ஆண், நடுவில் விழுந்தால் ‘தெரியவில்லை’ என்று சொல்லும். சொந்தத்தில் திருமணம் நடக்கும் சமூகத்தில் இந்த எல்லை சரிப்பட்டு வராது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறந்த பெண்ணுக்கு எக்ஸில் எதிர்பார்க்கும் ஒற்றுமை எட்டில் ஒரு பங்கு, மாமன் மகளை மணந்தவரின் மகளுக்கும் அதே எட்டில் ஒன்று. உடல் குரோமோசோம்களில் மாமன் மகள் திருமணத்துக்குப் பதினாறில் ஒன்றுதான் வரும், எக்ஸில் அது இரட்டிப்பாகிறது. அத்தை மகளை மணந்தால் எக்ஸில் சுழி, ஏனென்றால் அப்பாவின் எக்ஸ் மகனுக்கு வருவதே இல்லை. எட்டில் ஒன்று என்பது சராசரி, ஒரே ஒரு குரோமோசோமில் அது ஆளுக்கு ஆள் நிறைய ஏறி இறங்கும், பலரிடம் 0.2ஐத் தாண்டும். அதைப் பார்க்காமல் எல்லையை அப்படியே வைத்தால் நல்ல மாதிரிகளைத் தூக்கியெறிந்துவிடுவோம். எண்களை வரைபடமாகப் போட்டு, கண்ணால் பார்த்து, உங்கள் தரவுக்கு ஏற்ற எல்லையை நீங்களே வையுங்கள், ஒய் சமிக்ஞையையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள்

இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்குப் பெண்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஒரு திரிபு இரு பாலிலும் அதை 5 சதவீதம் கூட்டுகிறது என்று வையுங்கள். நேரடி அலகில் அளந்தால் ஆண்களிடம் விளைவு பத்து மடங்கு பெரிதாகத் தெரியும், மடக்கை எடுத்து அளந்தால் வேறுபாடே இருக்காது. இரண்டும் உண்மைதான், ஆனால் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக இருக்க வேண்டும். பொதுவாகச் செய்வது, ஒவ்வொரு பாலுக்குள்ளும் தனித்தனியாகத் திட்ட விலக்கத்தால் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) வகுத்துக்கொள்வது. அப்படிச் செய்தும், நேரடி அலகிலும், மடக்கையிலும் வேறுபாடு நின்றால் நம்பிக்கை கூடும்.

அளவுகோலின் விளையாட்டா உண்மையான உயிரியலா என்று பிரித்தறிய யூரிக் அமிலத்தைப் போல நல்ல பாடம் கிடையாது. சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தைத் திரும்ப உறிஞ்சும் கடத்தியான எஸ்எல்சி2ஏ9 மரபணுவின் திரிபுகள், பெண்களிடம் இரத்த யூரிக் அமில ஏற்றத்தாழ்வில் 5–6 சதவீதத்தை விளக்குகின்றன, ஆண்களிடம் 1 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அதே யூரிக் அமிலத்தை வெளியேற்றும் ஏபிசிஜி2 மரபணுவில் கதை தலைகீழ், ஆண்களிடம் விளைவு பெரிது. அளவுகோல்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். எதிரெதிர்ப் பக்கம் சாய்வதால், எந்த அலகுக்கு மாற்றினாலும் இரண்டையும் ஒன்றாகச் சமன்செய்ய முடியாது.

படி 5: தனித்தனியாக ஓட்டுங்கள், அப்புறம் வேறுபாட்டையே சோதியுங்கள்

மரபணுத்தொகுதி முழுவதையும் திரிபு திரிபாக அலசும் ஆய்வை ஜீவாஸ் என்பார்கள். வழக்கமான ஜீவாஸில் பாலை ஒரு திருத்தக் காரணியாகச் சேர்த்திருப்பார்கள், ‘பாலுக்குத் திருத்தம் செய்தோம்’ என்று ஒரு வரி இருக்கும். அது சராசரி வேறுபாட்டை நீக்குவதற்கு மட்டும்தான். திரிபின் விளைவு இரு பாலிலும் ஒன்று என்ற அனுமானம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சோதிக்க வேண்டுமானால் இரண்டு வழி: திரிபு × பால் என்ற இடைவினை உறுப்பைச் சேர்ப்பது, அல்லது ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக ஓட்டி விளைவுகளை ஒப்பிடுவது. எனக்குப் பிடித்தது இரண்டாவது, ஏனென்றால் வயது, வம்சாவளி போன்ற மற்ற காரணிகளின் விளைவும் ஒவ்வொரு பாலுக்கும் தனியாகக் கணக்காகிவிடும். முதல் வழியில் போனால் வயது × பால், வயது × திரிபு போன்ற உறுப்புகளையும் நீங்களே மறக்காமல் சேர்க்க வேண்டும்.

ஒப்பிடும் கணக்கு எளிது. பெண்களின் விளைவிலிருந்து ஆண்களின் விளைவைக் கழியுங்கள். இரண்டின் திட்டப் பிழைகளையும் (மதிப்பீடு தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதன் அளவு) வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் இசட் மதிப்பு. ஒரே குடும்பத்து அண்ணன் தங்கைகள் இரு பக்கமும் இருந்தால் இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையே சிறு ஒட்டுறவு இருக்கும், அதற்கும் ஒரு திருத்தம் உண்டு, பொதுவாகச் சின்னது.

இப்போது பாடத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்களைப் பாருங்கள். பெண்களிடம் விளைவு 0.10, திட்டப் பிழை 0.03. இசட் 3.3, தெளிவாகத் தெரிகிறது. ஆண்களிடம் 0.06, திட்டப் பிழை 0.035. இசட் 1.7, பி மதிப்புக்கு (உண்மையில் எதுவும் இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு தெரியும் வாய்ப்பு) வைக்கும் வழக்கமான 0.05 எல்லையைத் தாண்டவில்லை. ‘பெண்களை மட்டும் பாதிக்கிறது’ என்று தலைப்புப் போட எல்லாம் தயார். ஆனால் வேறுபாடு 0.04, அதன் திட்டப் பிழை 0.046, இசட் 0.87, பி மதிப்பு 0.38. வேறுபாடு இருப்பதற்கு ஆதாரமே இல்லை. ஒரு பக்கம் எல்லையைத் தாண்டியது, இன்னொரு பக்கம் தாண்டவில்லை என்பது இரண்டும் வேறு என்பதற்குச் சான்றாகாது. மருத்துவ இதழ்களில் இந்தத் தவறு இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது, அதை நம்பி ஒரு நோய்க்கு ஆண்களைக் கவனிக்காமல் விடும் நிலைகூட வரலாம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எத்தனை பேர் தேவை என்பதையும் முன்னாலேயே கணக்கிடுங்கள். எல்லோரையும் சேர்த்து அலசும்போது திட்டப் பிழை 1 என்றால், பாதிப் பாதியாகப் பிரித்துக் கழிக்கும்போது அது 2 ஆகிறது. முழு விளைவின் அளவுக்கே பெரிய வேறுபாட்டை அதே தெளிவோடு பார்க்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். வேறுபாடு விளைவில் பாதி அளவுதான் என்றால் பதினாறு மடங்கு. ஓராயிரம் பேரை வைத்துக்கொண்டு ஒரு சாதாரணத் திரிபில் பால் வேறுபாடு கண்டுபிடித்ததாகச் சொல்லும் கட்டுரையைப் படிக்கும்போது இந்தப் பதினாறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, திரிபுகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது. பெண்களிடம் வலுவாகத் தெரிந்த திரிபுகளை மட்டும் பொறுக்கியெடுத்து அவற்றில் வேறுபாடு தேடினால், தற்செயலாகப் பெண்களிடம் பெருத்துத் தெரிந்தவைதான் அதிகம் மாட்டும், வேறுபாடு தானாகவே முளைக்கும். இரு பாலையும் சேர்த்த மொத்த விளைவை வைத்துத் தேர்ந்தெடுங்கள், அது வேறுபாட்டைப் பொறுத்தவரை பக்கச் சார்பு இல்லாதது. எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும் திரிபுகள் இதில் தப்பிவிடும் என்பதால், முழுத் தொகுதியிலும் வேறுபாட்டை 5 × 10⁻⁸ என்ற கடுமையான எல்லையோடு தனியாகவும் தேடுங்கள்.

ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இடுப்புச் சுற்றளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் நல்ல எடுத்துக்காட்டு. 2019இல் ஏறக்குறைய 7 லட்சம் பேரை வைத்து, உடல் பருமனுக்குத் திருத்தம் செய்து, 346 இடங்களைக் கண்டார்கள். கிடைத்த சமிக்ஞைகளில் சுமார் மூன்றில் ஒன்று ஆண்–பெண் வேறுபாடு காட்டியது, பெரும்பாலும் பெண்களிடம்தான் விளைவு பெரிது. கொழுப்பு எங்கே சேர வேண்டும் என்பதை ஹார்மோன்கள் எவ்வளவு தூரம் ஆள்கின்றன என்பதோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

படி 6: ஒட்டுமொத்தமாகப் பாருங்கள்

தனித்தனித் திரிபுகளுக்கு அப்புறம் முழுப் படம். ஆண்களிடம் ஒரு பண்பைத் தீர்மானிக்கும் மரபுக் காரணிகளும் பெண்களிடம் அதையே தீர்மானிக்கும் காரணிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மரபு ஒட்டுறவு என்ற எண் சொல்லும். எல்டி ஸ்கோர் ரிக்ரஷன் என்ற இலவச மென்பொருள் சுருக்க முடிவுகளை வைத்தே அதைக் கணக்கிடும். 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சம்பந்தமில்லை. உயரத்துக்கு 1க்கு மிக அருகில். பெரும்பாலான பண்புகளுக்கும் 1ஐ ஒட்டியேதான் இருக்கும். 2021இல் யுகே பயோபேங்கின் 530 பண்புகளை அலசியவர்கள் வேறுபாடுகள் பரவலாக இருக்கின்றன, ஆனால் சிறியவை என்றுதான் சொன்னார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் இதில் ஒரு விதிவிலக்கு. 2020இல் 4.25 லட்சம் பேரை அலசியபோது ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனுக்கும் பெண்களின் டெஸ்டோஸ்டிரோனுக்கும் இடையே மரபு ஒட்டுறவு ஏறக்குறைய சுழி என்று வந்தது. ஒரே பெயர், ஒரே மூலக்கூறு, ஆனால் உடல் அதைத் தயாரிக்கும் பாதை வேறு. ஆண்களுக்கு விந்தகமும் அதை ஆளும் பிட்யூட்டரிச் சமிக்ஞைகளும், பெண்களுக்கு அட்ரீனல் சுரப்பியும் சினைப்பையும். விளைவுகளும் பிரிகின்றன: மரபுவழியாக டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருப்பது பெண்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு வாய்ப்பைச் சுமார் 37 சதவீதமும் சினைப்பை நீர்க்கட்டி நோய் வாய்ப்பைச் சுமார் 51 சதவீதமும் கூட்டுகிறது, ஆண்களிடம் நீரிழிவு வாய்ப்பைச் சுமார் 14 சதவீதம் குறைக்கிறது. இரு பாலையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லியிருந்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று விழுங்கியிருக்கும். பால் வேறுபாட்டை ஆராய வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இந்த ஒரு முடிவே போதும்.

மரபு ஒட்டுறவு 1 என்றதும் ‘வேறுபாடே இல்லை’ என்று முடிக்கவும் கூடாது. எல்லாத் திரிபுகளும் ஒரே திசையில், ஒரு பாலில் மட்டும் ஒரே விகிதத்தில் பெரிதாக வேலை செய்தாலும் ஒட்டுறவு 1தான் வரும். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, சிக்கலான பண்புகளில் திரிபு–பால் இடைவினையின் முக்கிய வடிவமே இந்தப் பெருக்கம்தான் என்று காட்டியது. ஆகவே ஒட்டுறவோடு, மரபுவழிப் பங்கையும் விளைவுகளின் ஒட்டுமொத்த அளவையும் இரு பாலிலும் ஒப்பிடுங்கள். என் பார்வையில் ‘ஆண் மரபணு, பெண் மரபணு’ என்ற பேச்சைவிட ‘ஒரே மரபணு, வேறு அளவு’ என்பதுதான் தரவுக்கு நெருக்கம்.

படி 7: எக்ஸை விட்டுவிடாதீர்கள்

பால் வேறுபாட்டை ஆராயும்போது எக்ஸ் குரோமோசோமை விட்டுவிடுவது விந்தையாகத் தோன்றும், ஆனால் நடந்தது அதுதான். 2013இல் எண்ணிப் பார்த்தபோது ஜீவாஸ் ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்குதான் எக்ஸைச் சேர்த்திருந்தன. எக்ஸில் 15 கோடிக்கும் மேல் எழுத்துகள், புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் 800க்கும் மேல். அலசுவது கொஞ்சம் தொல்லை என்பதுதான் காரணம்.

தொல்லை இங்கே: பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்று. மேரி லயன் 1961இல் சொன்னபடி பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அப்படியானால் ஆணின் ஒரு பிரதி பெண்ணின் இரண்டு பிரதிகளுக்குச் சமம், கணக்கில் பெண்ணிடம் திரிபின் பிரதிகளை 0, 1, 2 என்று எண்ணுவதால், ஆணை 0 அல்லது 2 என்று குறிக்க வேண்டும். ஆனால் கணிசமான மரபணுக்கள் அடங்காமல் தப்புகின்றன, அவற்றுக்கு 0 அல்லது 1 பொருத்தம். தவறான குறியீட்டைப் போட்டால் ஒரு பாலின் விளைவு இரட்டிப்பாகவோ பாதியாகவோ தெரிந்து இல்லாத வேறுபாடு உருவாகும். இரண்டு விதமாகவும் ஓட்டி இரண்டையும் காட்டுங்கள். எக்ஸின் நுனியில் ஒய்யோடு பொதுவாக இருக்கும் சுமார் 27 லட்சம் எழுத்துகள் கொண்ட பகுதியை மட்டும் உடல் குரோமோசோம் போலவே நடத்துங்கள்.

எக்ஸ் ஏன் முக்கியம் என்பதற்கு எடுத்துக்காட்டு, நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். எக்ஸ்எக்ஸ்ஒய் அமைப்புள்ள ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிட வாய்ப்பு சுமார் 14 மடங்கு என்று 2008இல் தெரியவந்தது, ஆக ஹார்மோன் மட்டும் காரணமல்ல, எக்ஸின் எண்ணிக்கையும் கணக்கில் வருகிறது. எக்ஸில் இருக்கும், அடங்காமல் தப்பக்கூடிய டிஎல்ஆர்7 என்ற நோயெதிர்ப்பு மரபணுவின் ஒற்றை எழுத்து மாற்றமே லூபஸை உண்டாக்கலாம் என்பது 2022இல் ஸ்பெயின் சிறுமி ஒருத்தியின் மரபணுவிலிருந்து நிறுவப்பட்டது.

படி 8: ‘நோய் உண்டு, இல்லை’ வகைப் பண்புகளுக்குத் தனிக் கணக்கு

ஒரு நோய் ஒரு பாலில் அரிது என்றால், அந்தப் பாலில் நோய் வர அதிக மரபுச் சுமை தேவைப்படலாம். பிறந்த குழந்தைகளுக்கு இரைப்பையின் வெளிவாய் இறுகும் பைலோரிக் ஸ்டெனோசிஸ் ஆண் குழந்தைகளுக்கு நான்கைந்து மடங்கு அதிகம். செட்ரிக் கார்ட்டர் 1960களில் கவனித்தது இது: அந்த நோய் வந்த தாயின் மகன்களுக்கு அது வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம், நோய் வந்த தந்தையின் மகன்களுக்குச் சுமார் 5 சதவீதம். அரிதான பாலில் இருந்தும் நோய் வந்தவர் அதிகச் சுமையைத் தாங்கியவர், அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார். ஆட்டிசத்திலும் இதே தடயம் உண்டு, ஆட்டிசமுள்ள சிறுமிகளிடம் புதிதாகத் தோன்றிய தீவிர மரபணு மாற்றங்கள் சராசரியாக அதிகம். அதே சமயம் சிறுமிகளின் ஆட்டிசம் கண்டறியப்படாமல் போவதும் உண்மை. இரண்டையும் பிரிக்காமல் எண்களை மட்டும் நம்பாதீர்கள்.

படி 9: சூழலைக் கேளுங்கள்

இந்தியாவில் 2016–17இல் எடுத்த கணக்குப்படி புகைப்பவர்கள் ஆண்களில் 19 சதவீதம், பெண்களில் 2 சதவீதம். 15ஆவது குரோமோசோமில் இருக்கும் நிகோடின் ஏற்பி மரபணுக்களின் திரிபு ஒருவர் ஒரு நாளில் எத்தனை சிகரெட் பிடிக்கிறார் என்பதைப் பாதித்து, அதன் வழியே நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டுகிறது. இங்கே அதை அலசினால் ‘ஆண்களிடம் மட்டும்’ வேலை செய்வதுபோல் தெரியும். எக்ஸும் ஒய்யும் இதில் எதுவும் செய்யவில்லை, பெண்கள் புகைப்பதில்லை, அவ்வளவுதான். வேலை, உணவு, தூக்கம், எப்போது மருத்துவரிடம் போகிறார்கள், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் பாலோடு சேர்ந்தே வருகின்றன. முடிந்தால் புகைக்காதவர்களுக்குள் மட்டும் மறுபடி ஓட்டுங்கள், மாதவிடாய் நிற்பதற்கு முன்னும் பின்னும் பெண்களைப் பிரித்துப் பாருங்கள். அதிலும் வேறுபாடு நின்றால் ஹார்மோன் பக்கம் போகலாம்.

படி 10: வேறொரு மக்கள்தொகையில் சோதித்துவிட்டு எழுதுங்கள்

பெரிய ஜீவாஸ் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி. பயோபேங்க் ஜப்பான், பின்லாந்தின் ஃபின்ஜென், 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட சீனாவின் கதூரி பயோபேங்க் போன்றவற்றில் அதே திசையில் வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.

எழுதும்போது இரு பாலின் விளைவையும் அவற்றின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் வேறுபாட்டின் பி மதிப்பையும் ஒரே வரியில், அருகருகே கொடுங்கள். வேறுபாடு தெரியாத திரிபுகள் உட்பட ஆண் கோப்பு, பெண் கோப்பு இரண்டையும் முழுசாகப் பொதுவில் வையுங்கள், அடுத்தவர் தன் தரவோடு சேர்த்துப் பார்க்க அது இல்லாமல் வழியில்லை. ‘பெண்களில் மட்டும்’ என்று எழுத வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: வேறுபாட்டின் சோதனை எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும், ஆண்களின் நம்பிக்கை இடைவெளி சுழியைச் சுற்றிக் குறுகலாக இருக்க வேண்டும். முதலாவது மட்டும் நிறைவேறினால் ‘பெண்களிடம் விளைவு பெரிது’ என்று எழுதுங்கள். இரண்டுமே இல்லையென்றால் பாலைப் பற்றித் தலைப்பில் எதுவும் போடாதீர்கள்.